துருவ நட்சத்திரத்துக்காக வெட்டிய வேலி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் ஒரு மடையன். சாதாரண மடையன் என்றால் இதை எழுத வேண்டியதில்லை. ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஆயிரமாயிரம் ஒளியாண்டுகளுக்கு அப்பால் கிடக்கிற ஒரு வாயுக் குமிழியைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த, ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கத் தெரியாத மடையன். இந்த இரண்டாவது குறைபாடு உலகத்தின் வேறெந்த மூலையிலும் மன்னிக்கப்படலாம். யாழ்ப்பாணத்தில் மன்னிக்கப்படாது.

இது என் முதலாவது மடைத்தனமும் இல்லை. வானத்தைப் படம் எடுக்கிற பைத்தியம் தொடங்கிய புதிதில், பழைய லென்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டு, இதுவரை எவரும் கண்டிராத ஒரு நெபுலாவைக் கண்டுபிடித்தேன். மெல்லிய இழைகள், நுனியில் சின்னச் சின்ன முடிச்சுகள், அவ்வளவு அழகு. இணையத்தில் வானம் பார்க்கிறவர்கள் கூடுகிற ஒரு குழுவில் பெருமையாகப் போட்டேன். சற்று நேரத்தில் எங்கோ ஒரு குளிர் நாட்டிலிருந்து ஒருவர் எழுதினார்: அது லென்ஸுக்குள் பிடித்திருக்கிற பூஞ்சணம். கமராவை எந்தத் திசைக்குத் திருப்பினாலும் அது படத்தின் அதே மூலையில்தானே இருந்திருக்கும், கவனிக்கவில்லையா என்றும் கேட்டிருந்தார். கவனித்திருந்தேன். வானம் முழுவதும் இந்த நெபுலா பரவியிருக்கிறது, என்ன அதிசயம் என்று நினைத்திருந்தேன்.

சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட எனக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. கலியாணம், பெண் பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, அடையாள அட்டைப் படம், இவைதான் சோறு போடுகின்றன. பகலெல்லாம் மணப்பெண்களின் முகத்தில் இருக்கிற பருக்களை இல்லையென்று ஆக்குவேன். பொழுதுபட உடுவிலில் வீட்டுக்கு வந்து, இல்லையென்று எல்லாரும் நினைக்கிற ஒன்றை இருக்கிறது என்று காட்டப் பாடுபடுவேன். மனைவி இதை ஒரு வரியில் சொல்லுவாள்: “பகலிலை பொய்யை உண்மையாக்கிறார், இரவிலை ஆரும் கேக்காத உண்மைக்கு நுளம்புக் கடி வாங்கிறார்.”

அந்த ஆரும் கேட்காத உண்மை என்னவென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். மாசி மாதத்தில் பொழுதுபட்டதும் தென்கிழக்கே பளீரென்று ஒரு நட்சத்திரம் நிற்கும். சிரியஸ். அதற்குக் கொஞ்சம் கிழக்கே, வெறுங்கண்ணுக்கு ஒன்றுமேயில்லாத இருட்டில், சூரியனைவிடப் பல மடங்கு பெரிதும் சூடுமான ஒரு நட்சத்திரம் இருக்கிறது. அது சும்மா இருக்கிற சாதி இல்லை. தன் உடம்பையே காற்றாக்கி நாலு பக்கமும் ஊதித் தள்ளிக்கொண்டிருக்கிறது. ஊதுகுழலால் அடுப்பை ஊதும்போது சாம்பல் விலகி ஓரத்தில் ஒரு வளையமாய்க் குவியுமே, அப்படி அந்தக் காற்று சுற்றியுள்ள வாயுவைத் தள்ளித் தள்ளி ஒரு குமிழியாக்கி வைத்திருக்கிறது. குமிழிக்கு இரண்டு பக்கமும் கொம்பு மாதிரி இரண்டு கீற்று. வெள்ளைக்காரர் அதைக் கொம்பு வைத்த தலைக்கவசம் என்பார்கள். என் மனைவி திரையில் பார்த்துவிட்டு, “கிடாய் ஆடு” என்றாள். அவள் சொன்னதுதான் பொருத்தம்.

அந்தக் கிடாய் ஆடு மிக மிக மங்கல். ஒரு படத்தில் வராது. ஐந்து நிமிடம் ஐந்து நிமிடமாக, நாள்நாளாக எடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கணினியில் அடுக்கினால்தான் மெதுவாகத் தலை காட்டும். அதிலும் வாயு விடுகிற சிவப்பு வெளிச்சத்தைத் தனியாகவும், பச்சை கலந்த நீல வெளிச்சத்தைத் தனியாகவும் எடுத்துப் பிறகு சேர்க்க வேண்டும். இந்த ஐந்து நிமிடத்துக்குள்ளும் வானம் சும்மா நிற்காது, நகரும். ஆகையால் கமராவைத் தாங்குகிற இயந்திரமும் வானத்தோடு சேர்ந்து சுழல வேண்டும். அப்படிச் சுழல அதன் அச்சு வானத்தின் வட துருவத்தைச் சரியாகப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைக் காட்டிக் கொடுப்பது துருவ நட்சத்திரம்.

இங்கேதான் எங்கள் ஊரின் தலைவிதி வருகிறது. கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கிற என் வானக் கூட்டாளிகளுக்குத் துருவ நட்சத்திரம் கூரைக்கு மேலே, யாரும் மறைக்க முடியாத உயரத்தில் நிற்கும். எங்களுக்கு அது அடிவானத்திலிருந்து பத்துப் பாகைகூட இல்லை. வேலியில் காயப்போட்ட துவாய் மாதிரித் தொங்கும். அவர்களுக்கு அது வான சாஸ்திரம். எங்களுக்கு அது வேலிப் பிரச்சினை.

என் வளவில் தென்கிழக்கும் தெரிந்து வடக்கும் தெரியக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான், வடக்கு வேலிக்குக் கொஞ்சம் இப்பால். அந்த வேலியில் கிளுவையும் பூவரசும் ஆளுயரத்துக்கு மேலே ஓங்கி வளர்ந்து, துருவ நட்சத்திரத்தை முழுதாக விழுங்கி வைத்திருந்தன. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு வேலிக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அடைப்பதும் வெட்டுவதும் அவர் பொறுப்பு. வடக்கு வேலி பக்கத்து வீட்டு அக்காவுடையது. கணவரை இழந்து, ஒரே மகளோடு இருக்கிறவர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில், வேலியின் ஒரு மூலையில், ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. கறிவேப்பிலையும் கதையும் அந்த வழியாகத்தான் போய்வரும். அவ்வளவு நெருக்கம்.

நெருக்கத்தை நம்பி நான் செய்தவை நான்கு. அக்கா இரண்டு வாரம் சாவகச்சேரியில் தன் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், கொக்கைத்தடியும் கத்தியுமாய் இறங்கி, வடக்கு வேலியில் ஒரு யன்னல் வெட்டினேன். அளவு தெரியாமல் நெஞ்சு உயரத்திலிருந்து வெட்டிவிட்டேன். தலைக்கு மேலே வெட்டியிருந்தாலே போதும் என்று வெட்டி முடித்த பிறகுதான் கணக்குப் பார்த்தேன். குழையை அக்காவின் ஆட்டுக்கு அந்தப் பக்கம் போட்டு, அவருக்கு ஒரு வேலை மிச்சம் என்று என்னை நானே மெச்சினேன். அது முதலாவது. அடுத்தது, கமராவின் முக்காலியை ஒவ்வொரு நாளும் புதிதாகச் சரிபார்க்க வேண்டியிருக்கிறதே என்று, அதன் மூன்று காலுக்கும் மூன்று கல் நட்டேன். எங்கே வாங்கினேன்? தெருவோரத்தில் சீமெந்துத் தூண் வார்க்கிறவரிடம். அவரிடம் அளவாக இருந்தது எல்லைக் கல் மட்டும்தான். மூன்றாவதாக, வடக்குத் திசையைக் குறித்து ஒரு வெள்ளைக் கயிறு பிடித்தேன். அதன் ஒரு நுனி கல்லில், மறு நுனி அக்காவின் வேலியில். நாலாவது, அந்தக் கல்லுகளுக்கு மேலே முக்காலி வைத்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணால், துருவ நட்சத்திரத்தைப் பிடிக்கிற சின்னக் குழாய்க்குள்ளால், அக்காவின் வளவைப் பார்த்தபடி மாலை மாலையாய்க் குந்தியிருந்தேன்.

வெட்டிய வேலி, நட்ட கல், பிடித்த கயிறு, முக்காலியில் ஒரு குழாய். யாழ்ப்பாணத்தில் பிறந்த பச்சைப் பிள்ளையிடம் இந்த நான்கையும் காட்டிக் கேளுங்கள். தொட்டிலில் கிடந்தபடியே சொல்லும்: காணிப் பிரச்சினை.

எனக்கு மட்டும் தோன்றவில்லை.

அக்கா சாவகச்சேரியால் திரும்பிய இரண்டாம் நாள் அவர் வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். மகளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் நீர்வேலியில் வாழைத் தோட்டக்காரர். மாப்பிள்ளை வந்து குடியிருக்கப் போகிற சீதன வீடுவளவைப் பார்க்க இன்னும் இருவரோடு வருகிறார். இதெல்லாம் மனைவி காலையிலேயே எனக்குச் சொன்னாளாம். நான் தலையாட்டினேனாம். தலையாட்டுவது வேறு, கேட்பது வேறு என்பதை இத்தனை வருடத்தில் அவள் அறிந்திருக்க வேண்டும்.

பொழுதுபட்டுவிட்டது. நான் நெற்றியில் சிவப்பு விளக்கும் வாயில் ஒரு திருகாணியுமாகக் குழாயில் குனிந்திருக்கிறேன். துருவ நட்சத்திரம் அப்போதுதான் மங்கலாகக் கண்ணுக்குச் சிக்கியது. அந்த நேரம் பார்த்துக் கயிறு ஆடியது. நிமிர்ந்து பார்த்தால், வேலி யன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு கைபேசி வெளிச்சம். யாரோ கயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார்கள். எனக்கு உயிர் போனது.

“ஆரது? கயித்திலை கை வையாதேங்கோ! ரெண்டு கிழமையாய் அளந்து போட்ட கோடு அது!”

வெளிச்சம் அப்படியே நின்றது. ஒரு கனத்த ஆண் குரல் கேட்டது:

“என்ன அளவை தம்பி?”

“அதைப் பேந்து சொல்லுறன். இப்ப உந்த இடத்தை விட்டு விலத்துங்கோ. உந்த லைற்றையும் அணையுங்கோ!”

அவர்கள் விலத்தினார்கள். நீர்வேலி வரைக்கும் விலத்தினார்கள்.

அடுத்த நாள் விடிய, மனைவி பொட்டடியில் நின்றபடி என்னைக் கூப்பிட்டாள். பொட்டு அடைக்கப்பட்டிருந்தது. பச்சைப் பனையோலை வைத்து, குறுக்கே தடி கட்டி, போதாதற்குக் கீழே இலந்தை முள்ளும் செருகியிருந்தது. எங்கள் ஊரில் ஒருவர் உங்களோடு கோபம் என்றால் வாயால் சொல்ல மாட்டார். பொட்டை அடைப்பார். முள்ளும் வைத்தால், இது கோபம் இல்லை, பகை என்று அர்த்தம்.

“என்ன செய்தனீங்கள்?” என்றாள் மனைவி.

“ஒண்டும் செய்யேல்லை. துருவ நட்சத்திரம் பாத்தனான்.”

“துருவ நட்சத்திரத்துக்கு ஆரும் முள்ளு வைக்கிறேல்லை.”

விடை அன்று மத்தியானமே ஸ்டூடியோவுக்கு நடந்து வந்தது. அக்காவின் மகள். அவளுடைய சம்பந்தப் படத்தையே நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நாடியிலிருக்கிற மச்சத்தை அழிக்கவா என்று கேட்டதற்கு, “அது என்ரை, இருக்கட்டும்” என்றவள். கதிரையில் இருக்கச் சொன்னேன். இருக்கவில்லை.

“மாமா, உங்களுக்கு எங்கடை காணியிலை எவ்வளவு வேணும்?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய முகத்தைப் பார்த்ததும் அது வந்த வழியே போனது.

“பிள்ளை, என்ன கதைக்கிறாய்?”

“வேலியை வெட்டியிருக்கிறியள். கல்லு நட்டிருக்கிறியள். கயிறு பிடிச்சிருக்கிறியள். சேர்வேயர் மாதிரிக் குழாய் வைச்சுப் பாக்கிறியள். நேற்று மாப்பிள்ளையின்ரை அப்பா கேக்க, ரெண்டு கிழமையாய் அளந்த கோடு எண்டு உங்கடை வாயாலை சொன்னனீங்கள். அந்தாள் படலையடியிலை வைச்சே அம்மாவுக்குச் சொல்லிப்போட்டுது, வழக்குக் காணிக்குள்ளை என்ரை பெடியனைக் குடிவிடமாட்டன் எண்டு.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவளும் அந்தப் பையனும் யாழ்ப்பாணத்தில் ஒரே அலுவலகம். இரண்டு பேருக்கும் ஏற்கெனவே விருப்பம். தகப்பனுக்குத் தெரிந்தால் முறுகுவார் என்று ஒரு தரகர் மூலம், பெரியவர்கள் பேசிச் செய்கிற பேச்சுக்கால் மாதிரிக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

“அம்மாவுக்குத் தெரியுமோ?”

“தெரியும். தெரியாத மாதிரி நடிக்கிறா. நானும் அவ நடிக்கிறது தெரியாத மாதிரி நடிக்கிறன். இவ்வளவு பேர் கஷ்டப்பட்டு நடிக்கேக்கை, நீங்கள் நடுவிலை வந்து கல்லு நட்டுப்போட்டியள்.”

நான் கணினியைத் திறந்து படத்தைக் காட்டினேன். ஒரு படம், ஐந்து நிமிடத்துப் படம். சாம்பல் நிறத்தில் சத்தமில்லாமல் கிடந்தது.

“இதிலை ஒண்டுமில்லையே” என்றாள்.

“ஒண்டிலை இருக்காது. கனக்க அடுக்கவேணும்.”

“ஒண்டுமில்லாததைக் கனக்க அடுக்கினால் என்ன வரும்?”

இந்தக் கேள்வியை என் மனைவி பல வருடமாகக் கேட்கிறாள். நான் அதுவரை அடுக்கி வைத்திருந்ததைத் திறந்து காட்டினேன். கறுப்பு வெள்ளையில் மங்கலாய் ஒரு குமிழி, இரண்டு கொம்பு. குனிந்து பார்த்தாள். அப்போதுதான் கதிரையில் இருந்தாள்.

“மெய்யாய் இதுக்காகத்தானோ வேலியை வெட்டினனீங்கள்?”

“ஓம்.”

“நீங்கள் காணிக்கு ஆசைப்பட்டிருந்தால்கூட அதை நான் ஆக்களுக்குச் சொல்லி விளங்கப்படுத்தலாம், மாமா. இதை எப்பிடிச் சொல்லுறது?”

இன்றைக்கே கல்லைப் பிடுங்கி எறிகிறேன் என்றேன். அவள் பதறிப்போனாள்.

“ஐயோ, வேண்டாம்! இப்ப பிடுங்கினால், பிடிபட்டவுடனை பிடுங்கிப்போட்டான் எண்டுதான் சொல்லுவினம். கல்லு நிக்கட்டும். அந்தாளைக் கூப்பிட்டு, கல்லு ஏன் எண்டு கண்ணாலை காட்டுங்கோ. அதுக்கு முதல் அம்மாவோடை கதையுங்கோ. பொட்டாலை போகாதேங்கோ. படலையாலை போங்கோ.”

படலையால், தெருவாசல் பக்கமாய், போனேன். இருபது வருடத்தில் அந்த வீட்டுக்குப் படலையால் போனது நல்லது கெட்டதுக்கு மட்டும்தான். அக்கா முற்றத்தில் வெங்காயம் பிடி பிடியாய்க் கட்டிக்கொண்டிருந்தார். இரு என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. நான் நின்றபடி நட்சத்திரம், அச்சு, பாகை என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். நடுவில் ஒரு பகிடியும் விட்டேன். அது முற்றத்தில் விழுந்து அப்படியே கிடந்தது.

கையிலிருந்த பிடியைக் கட்டி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார்.

“நீ காணி பிடிக்கமாட்டாய் எண்டு எனக்குத் தெரியும் தம்பி. உனக்கு அந்தளவுக்குச் சாமர்த்தியம் இல்லை.”

“அதுதானே அக்கா.”

“ஆனால் உந்த வேலியை ஏன் தொட்டனி?” வெங்காயத் தாளை இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். “இடம்பெயர்ந்து போட்டு நாங்கள் திரும்பி வரேக்கை இஞ்சை என்ன இருந்தது? ஓடு இல்லை, யன்னல் இல்லை, நிலைகூட இல்லை. பத்தை மண்டி, எந்த வளவு ஆரின்ரை எண்டு ஆருக்கும் தெரியேல்லை. இவர் தலையிலை கை வைச்சுக்கொண்டு இருந்திட்டார். நான்தான் பத்தைக்குள்ளை போய்ப் பாத்தனான். வேலிக்கு நட்ட கிளுவைக் கதியால் எல்லாம் துளிர்த்து வரிசையாய் நிக்குது. அதைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்துதான், இதுதான் எங்கடை வளவு எண்டு இவருக்குக் காட்டினனான். நீ அதிலை யன்னல் வெட்டியிருக்கிறாய்.”

இன்னொரு பகிடி விடாமல் படலையைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். வாழ்க்கையில் எனக்கு அப்படி நடப்பது அபூர்வம். மனைவியைக் கேளுங்கள்.

அடுத்த நாள் நீர்வேலிக்கு மோட்டார் சைக்கிளில் போனேன். மாப்பிள்ளையின் தகப்பன் தோட்டத்தில் நின்றார். குலை சாயாமல் வாழைக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நெத்தியிலை சிவப்பு லைற்றோடை நிண்டவர்?”

“ஓம் ஐயா. அது நான்தான்.”

“இதைப் பிடியும்” என்று முட்டுத்தடியை என் கையில் தந்தார். நான் பிடித்தேன். தடியைப் பிடித்தபடியே கதை முழுவதையும் சொன்னேன். ஒருவன் பொய் சொல்கிறானா என்று பார்க்க அது நல்ல வழி. வாழைக்குலையைத் தோளில் தாங்கிக்கொண்டு பொய்யை அலங்கரிக்க முடியாது.

“வானத்தைப் பாக்கிறதெண்டால் அண்ணாந்து பாக்கவேணும். வேலிக்குள்ளாலை ஏன் பாத்தனீர்?”

“எங்கடை ஊரிலை துருவ நட்சத்திரம் அவ்வளவு பதிய, வேலி உயரத்திலைதான் நிக்குது, ஐயா.”

அவர் கயிற்றை இறுக்கி முடிந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், வாழையைப் பார்த்துச் சொன்னார்:

“எனக்கும் என்ரை அண்ணைக்கும் ஒரு முழ வேலிக்கு வழக்கு. இளந்தாரியாய் இருக்கேக்கை துவங்கினது. பேந்து அண்ணை செத்துப்போனார். நான் செத்த வீட்டுக்குப் போகேல்லை. அந்த ஒரு முழத்திலை இப்ப என்ன நிக்குது தெரியுமோ? ஒண்டுமில்லை. புல்லு. என்ரை பெடியன் அப்பிடி ஒரு வளவுக்கை போய் இருக்கவேண்டாம் எண்டுதான் சொன்னனான். அந்தப் பிள்ளையிலை எனக்கு ஒரு குறையுமில்லை.”

வந்து ஒருமுறை பாருங்கள் என்று கேட்டேன். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ சொல்லவில்லை. “தடியை விடும், நிக்கும்” என்றார். அது வாழையைப் பற்றி.

ஆனால் வந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை பொழுதுபடும் நேரம் ஓட்டோவில் வந்து, அக்கா வீட்டுப் பக்கம் போகாமல் நேரே என் வளவுக்குள் இறங்கினார். வேலி யன்னலுக்கு அந்தப் பக்கம் அக்காவும் மகளும், சும்மா குழை பொறுக்க வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். அன்றைக்கென்று பார்த்துத் தெற்கே முகில் வந்து குந்தியிருந்தது. மாதக்கணக்காக எனக்குத் துரோகம் செய்கிற வானம், ஒரு பெண்ணின் கலியாணத்துக்காகவாவது ஒருநாள் ஒத்துழைக்கலாம் என்று நினைத்தேன். வானத்துக்கு அந்த இரக்கமெல்லாம் கிடையாது.

அவர் வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேரே கல்லுக்குப் போனார். குந்தியிருந்து கையால் தடவினார்.

“இது எல்லைக் கல்லுத்தான்.”

“ஓம் ஐயா. கல்லு எல்லைக் கல்லுத்தான். அது பாக்கிற வேலைதான் வேறை.”

மூன்று கல்லையும் சுற்றி வந்தார். அன்றைக்கு வேலிக்குள்ளால் அவருக்குத் தெரிந்தது இரண்டு கல்லும் ஒரு கயிறும்தான். மூன்றாவது முக்காலிக்குப் பின்னால் மறைந்திருந்திருக்கிறது. இப்போது மூன்றையும் சேர்த்துப் பார்த்தார். அரிசி புடைக்கிற சுளகு ஒன்று வைக்கிற அளவு இடத்தில், முக்கோணமாய், மூன்று கல். அவருடைய முகத்தில் ஏதோ ஒன்று இளகியது.

“ஒரு சுளகளவு காணிக்கு ஆரும் மூண்டு எல்லைக் கல்லுப் போடுவானோ?” என்று அக்கா பக்கம் திரும்பிக் கேட்டார்.

“உவன் போடுவான்” என்றார் அக்கா.

நான் முக்காலியை வைத்துக் காட்டினேன். மூன்று காலும் மூன்று கல்லில் கச்சிதமாய் இருந்தன. வடக்கே முகில் இல்லை. குழாயில் கண் வைக்கச் சொன்னேன். பெரிய மனிதர், வேட்டியை மடித்துக்கொண்டு முழங்காலில் நின்று பார்த்தார்.

“ஒரு புள்ளி தெரியுது.”

“அதுதான் ஐயா துருவ நட்சத்திரம்.”

“இதுக்கே இவ்வளவு வேலி போனது?”

“இது வழிகாட்டி மட்டும்தான். படம் எடுக்கிறது வேறை.” மடிக்கணினியைக் கொண்டுவந்து கிடாய் ஆட்டைக் காட்டினேன்.

“கலர் இல்லையோ?” கலியாண ஆல்பம் பார்க்கிற எல்லாரும் கேட்கிற கேள்விதான்.

“கலருக்குப் பாதிதான் எடுத்திருக்கிறன். மிச்சம் இனித்தான்.”

அவர் திரையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். குமிழி எவ்வளவு பெரிது என்று கேட்டார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு வெளிச்சம் போய்ச் சேரவே பத்துக் கணக்கான வருடங்கள் எடுக்கும் என்றேன். விரலால் குமிழியின் ஓரத்தைத் தொட்டார். காணிக்காரர்; அவருடைய விரல் தானாகவே எல்லைக்குத்தான் போகும்.

“இது ஏன் இப்பிடி வரம்பு கட்டின மாதிரி நிக்குது?”

“உள்ளுக்கை இருக்கிற நட்சத்திரம் ஊதித் தள்ளுது. வெளியிலை இருக்கிற பழைய வாயு, இஞ்சாலை வராதை எண்டு நிக்குது. ரெண்டும் முட்டுப்படுகிற இடம்தான் அந்த வரம்பு.”

விரலை அந்த வரம்போடு ஒரு சுற்று ஓட்டினார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு சொன்னார்:

“அப்ப அங்கையும் வேலிச் சண்டைதான்.”

முதலில் சிரித்தது மகள். பிறகு அக்கா, சிரிப்பு வராத மாதிரி நடித்துக்கொண்டு. கடைசியில் அவரும் சிரித்தார். சிரித்து முடிந்ததும் கணினியை என்னிடம் தராமல் இன்னும் கொஞ்ச நேரம் அந்த வரம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். நான் பகிடி விடவில்லை. அதுவும் என் வாழ்க்கையில் அபூர்வம்தான். ஒரே கிழமையில் இரண்டு தடவை.

போகும்போது படலையடியில் நின்று அக்காவிடம் சொன்னார், அடுத்த கிழமை வீட்டுப் பெண்கள் வருவார்கள், நாள் பார்ப்போம் என்று. அதற்கு முதல் வேலி ஒழுங்காக இருக்க வேண்டும். மருமகள் புழங்கப் போகிற வளவை ஒருவர், நல்ல மனிதர்தான், குழாய் வைத்துப் பார்க்கிறார் என்று ஊர் கதைக்கக் கூடாது. நல்ல மனிதர் என்று சொல்லும்போது என்னை அவர் பார்த்த பார்வையில் நல்லதைவிட வேறேதோ கூடுதலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்கா புதுக் கதியாலுக்கு இடம் குறித்தார். வெட்டினவன் நான், ஆகையால் அலவாங்கு என் கையில். நான் குழி தோண்ட, அவர் கிளுவைத் தடியை நிமிர்த்தி வைத்து மண்ணைக் காலால் மிதித்தார். தடிகள் நெருக்கமாய், உயரமாய், வரிசை பிசகாமல் எழுந்துகொண்டு வந்தன. ஒவ்வொரு தடிக்கும் என் வடக்கு வானம் ஒரு கீலமாய்க் குறைந்துகொண்டிருந்தது.

கலியாண நாள் வைகாசியில் வரும்போல இருந்தது. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். வைகாசியில் கிடாய் ஆடு பொழுதுபட்ட கையோடு மேற்கே மறைந்துவிடும். சிவப்பு மட்டும் எடுத்தாயிற்று. நட்சத்திரத்தின் காற்று நன்றாகத் தெரிகிற பச்சை நீலம் அப்படியே மிச்சம். இப்போது விட்டால் அடுத்த மாசிதான். கேட்காமல் இருக்கத்தான் பார்த்தேன். அவருடைய கதியாலின் கதையைக் கேட்ட பிறகு இதைக் கேட்கிறவன் மனிதனா என்றும் யோசித்தேன். கடைசித் தடிக்கு முன்னால் என் நாக்கு என்னை மீறிவிட்டது.

“அக்கா, தலைக்கு மேலை, ஒருத்தருக்கும் தெரியாத உயரத்திலை, ஒரு சாண். ஒரேயொரு சாண் மட்டும் விடுவமே?”

அக்கா தடியை நிமிர்த்திப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

“முதல்லை தாலி ஏறட்டும்.”